ஐந்து விரலில் ஒரு பெண்: வைகைச் சமவெளியின் மொகரம்

சில வருஷத்துக்கு முன்னால் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு தப்பு பண்ணினேன். அன்றைக்கு அரசு விடுமுறை. காலையில் காபியோடு உட்கார்ந்து, "அனைவருக்கும் இனிய மொகரம் வாழ்த்துகள்" என்று தட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு பிறை, ஒரு பூங்கொத்து எல்லாம் போட்டு அனுப்பினேன். பத்துப் பதினைந்து பேர் கும்பிடு போட்டார்கள். எங்கள் டீமில் ஒரு தம்பி இருக்கிறார். ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, உத்தமபாளையம் பக்கம். அவர் குழுவில் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து தனியாக ஃபோன் பண்ணினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. முஹர்ரமுக்கு யாரும் வாழ்த்து சொல்றதில்லண்ணே. ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும்தான் வாழ்த்து. இது வேற."

"வேறன்னா? துக்க நாளா?"

"எங்களுக்குத் துக்க நாளும் இல்ல, நோன்பு நாள். ஷியா ஆளுங்களுக்குத்தான் துக்கம். ஆனா கொண்டாட்டம்னு பாத்தா யாருக்குமே இல்ல."

நான் விடவில்லை. "எங்க அப்பத்தா அல்லாச்சாமி பண்டிகைன்னு சொல்லும்ப்பா. புலி வேஷமெல்லாம் கட்டிக்கிட்டு வருவாங்க, தீ மிதிப்பாங்கன்னு சொல்லியிருக்கு."

அவர் சிரித்துவிட்டார். "அது எங்க மார்க்கத்துல இல்லண்ணே. அது உங்க ஊருப் பண்டிகை."

அந்த வாக்கியம் மனதில் தங்கிவிட்டது. மொகரம் எப்படி "உங்க ஊருப் பண்டிகை" ஆக முடியும்? அன்றிலிருந்து கிடைத்த நேரத்தில் படித்தும், கடைசியில் நேரில் போய்ப் பார்த்தும் சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

பண்டிகையின் பெயர் அல்ல, மாதத்தின் பெயர்

முதலில் ஒரு அடிப்படை விஷயம். முஹர்ரம் என்பது பண்டிகையின் பெயரே இல்லை. இஸ்லாமிய ஆண்டின் முதல் மாதத்தின் பெயர். நம்ம ஊர் வாயில் அது மொகரம் ஆகிவிட்டது. அரபியில் அந்தச் சொல்லுக்குத் தடுக்கப்பட்டது, புனிதமானது என்று பொருள். ஹராம் என்ற சொல்லின் வேர்தான் இதற்கும் வேர். ஆண்டில் நான்கு மாதங்களில் போர் செய்யக் கூடாது என்ற வழக்கு அரேபியாவில் இருந்தது. அந்த நான்கில் முஹர்ரமும் ஒன்று. இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்தது பொது ஆண்டு 622. அதை ஆண்டு ஒன்றாக வைத்து எண்ணும் ஹிஜ்ரி கணக்கை ஏற்படுத்தியவர் இரண்டாம் கலீஃபா உமர். அது 638 வாக்கில். மாதங்கள் அதற்கு முன்பே இருந்தவைதான்.

நான் மென்பொருள் ஆள் என்பதால் உடனே ஒரு சின்ன நிரல் எழுதிப் பார்த்தேன். ஹிஜ்ரி ஆண்டு முழுக்க முழுக்கச் சந்திரக் கணக்கு. 354 நாள். 30 வருஷத்தில் 11 வருஷத்துக்கு மட்டும் ஒரு நாள் கூட்டி 355. ஆக 30 வருஷச் சுற்றில் 10,631 நாள். நம் பஞ்சாங்கத்தில் சந்திரனையும் சூரியனையும் சேர்த்து வைக்க அதிக மாதம் என்று ஒன்று செருகுவார்கள். ஹிஜ்ரியில் அது கிடையாது. அதனால் ஒவ்வொரு வருஷமும் மாதம் சுமார் 11 நாள் முன்னால் நகரும். முஹர்ரம் பத்தாம் நாள் இங்கே 2023-இல் ஜூலை 29, 2024-இல் ஜூலை 17, 2025-இல் ஜூலை 6. ஆடியில் இருந்த நாள் ஆனிக்கு வந்துவிட்டது. இப்படியே நகர்ந்து சுமார் 33 வருஷத்தில் சித்திரை முதல் பங்குனி வரை ஒரு சுற்று வந்து பழைய இடத்துக்குத் திரும்பும்.

என் நிரலில் ஒரு பிழை வந்துகொண்டே இருந்தது. சில கணக்குகளில் ஒரு நாள் தள்ளிப் போனது. ஒரு காரணம் எளிது. கணக்கு என்பது கணக்கு, ஆனால் மாதம் பிறப்பதை முடிவு செய்வது கண்ணால் பார்க்கும் பிறை. இங்கே தலைமை காஜி அறிவிப்பதுதான் தேதி. இன்னொரு காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி ஆனது. இஸ்லாமிய நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை, சூரியன் மறையும்போது தொடங்குகிறது. அதாவது பத்தாம் நாளின் ராத்திரி, பத்தாம் நாளின் பகலுக்கு முன்னால் வரும். இதுவும் பிறகு தேவைப்படும்.

பத்தாம் நாளின் முதல் கதை

முஹர்ரம் பத்தாம் நாளுக்கு ஆஷூரா என்று பெயர். பத்து என்ற அரபிச் சொல்லிலிருந்து வந்தது. இந்த நாளுக்கு இரண்டு கதை உண்டு. பலருக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான்.

முதல் கதை மூஸா நபியுடையது. கிறிஸ்தவ நண்பர்கள் மோசே என்று சொல்பவர். நபிகள் மதீனாவுக்கு வந்தபோது அங்கிருந்த யூதர்கள் இந்த நாளில் நோன்பு இருப்பதைப் பார்த்தார். காரணம் கேட்டார். ஃபிர்அவ்னிடமிருந்து மூஸாவையும் அவர் மக்களையும் இறைவன் காப்பாற்றிய நாள் என்றார்கள். மூஸாவுக்கு நாங்களும் உரியவர்கள் என்று சொல்லி நபிகளும் நோன்பிருந்தார், மற்றவர்களையும் இருக்கச் சொன்னார். பிறகு ரமலான் மாத நோன்பு கடமையானதும் ஆஷூரா நோன்பு விருப்பமானவர்கள் வைப்பது என்று ஆனது. பத்தோடு ஒன்பதாம் நாளையும் சேர்த்து வைப்பது வழக்கம்.

எங்கள் டீம் தம்பி வீட்டில் இதுதான் நடக்கும். இரண்டு நாள் நோன்பு, சாயங்காலம் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறப்பு, தொழுகை. அவ்வளவுதான். மேளம் இல்லை, ஊர்வலம் இல்லை. தமிழ் முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலானவர்கள் சுன்னிகள். ராவுத்தர்கள் ஹனஃபி வழி, கடற்கரைப் பக்கம் மரைக்காயர்கள் ஷாஃபி வழி. யாரிடம் கேட்டாலும் மொகரம் பற்றிக் கிட்டத்தட்ட இதே பதில்தான் வரும்.

இரண்டாம் கதை: ஆற்றோரம் தாகம்

இரண்டாம் கதை நபிகள் மறைந்து 48 வருஷத்துக்குப் பிறகு நடந்தது. ஹிஜ்ரி 61, முஹர்ரம் 10. பொது ஆண்டுக் கணக்கில் அக்டோபர் 10, 680.

நபிகளின் மகள் பாத்திமா. மருமகன் அலி. பேரன்கள் ஹசன், ஹுசைன். யஜீத் ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு விசுவாசப் பிரமாணம் கொடுக்க ஹுசைன் மறுத்தார். கூஃபா நகரத்தார் எங்களிடம் வாருங்கள், உங்கள் பக்கம் நிற்கிறோம் என்று அழைத்தார்கள். குடும்பத்தோடும் சிறு கூட்டத்தோடும் புறப்பட்டார். வழியில் இன்றைய இராக்கில் உள்ள கர்பலாவில் யஜீதின் படை மறித்தது. கூஃபாவிலிருந்து யாரும் வரவில்லை. பக்கத்தில் யூப்ரடீஸ் ஆறு ஓடுகிறது, ஆனால் தண்ணீர் எடுக்க விடாமல் தடுத்துவிட்டார்கள். கூடாரத்தில் பெண்களும் குழந்தைகளும் தாகத்தில் கிடந்தார்கள். பத்தாம் நாள் ஹுசைனும் அவரோடு நின்றவர்களும் கொல்லப்பட்டார்கள். எழுபத்திரண்டு பேர் என்பது மரபு. போர் தடுக்கப்பட்ட மாதத்தில் நபியின் பேரனைக் கொன்றார்கள். மிஞ்சிய பெண்களைச் சிறைபிடித்து டமாஸ்கஸ் கொண்டுபோனார்கள். ஹுசைனின் தங்கை ஜைனப் யஜீதின் சபையிலேயே நின்று பேசினார். நடந்தது உலகத்துக்குத் தெரிந்ததில் அவருக்குப் பெரிய பங்கு.

ஷியா முஸ்லிம்களுக்கு இது ஆண்டின் ஆழமான துக்கம். கறுப்பு உடை, இரங்கல் கூட்டம், மார்பில் அடித்து அழுதல். நம் ஊரில் இதற்கு மாரடிப் பண்டிகை என்று ஒரு பெயர் இருந்ததே, அது இங்கிருந்து வந்ததுதான். சென்னையில் ஆயிரம் விளக்கு என்ற பேட்டையை எல்லோருக்கும் தெரியும். மெட்ரோ ஸ்டேஷன், சட்டமன்றத் தொகுதி எல்லாம் இருக்கிறது. அந்தப் பெயர் அங்குள்ள ஷியா மசூதியிலிருந்து வந்தது. மசூதி கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் மொகரக் கூட்டம் கூடும்போது ஆயிரம் எண்ணெய் விளக்கு ஏற்றுவார்களாம். துக்க நாளில் ஏற்றிய விளக்கு ஒரு பேட்டைக்கே பெயர் ஆகிவிட்டது.

சுன்னிகளும் ஹுசைனை மிகவும் மதிப்பவர்கள்தான். ஆனால் வருஷா வருஷம் துக்கம் கொண்டாடுவது மார்க்கத்தில் இல்லை என்பது அவர்கள் நிலை. இறந்தவருக்காக மூன்று நாளுக்கு மேல் துக்கம் காக்கக் கூடாது, கணவனை இழந்த பெண் மட்டும் விதிவிலக்கு என்று நபிமொழி இருக்கிறது.

சரி, ஒரு பக்கம் நோன்பு, இன்னொரு பக்கம் துக்கம். இதில் அப்பத்தா சொன்ன புலி வேஷமும் தீமிதியும் எங்கிருந்து வந்தன?

பஞ்சாவும் அலாவாவும்

பதில் வடக்கே, தக்காணத்தில் இருக்கிறது. கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாஹிகள் ஷியா மன்னர்கள். 1518 முதல் 1687 வரை. ஐதராபாத் நகரத்தை உருவாக்கிய கையோடு 1590-களில் அங்கே மொகரத்துக்கென்றே ஒரு பெரிய மண்டபமும் கட்டினார்கள். அந்த ஊர் மொகரத்தில் ஷியா, சுன்னி, இந்து என்று எல்லோரும் கலந்துகொண்டார்கள். கர்பலாக் கொடியின் நினைவாக உலோகத்தில் செய்த சின்னங்களைக் கம்பத்தில் பொருத்தி ஊர்வலம் போவார்கள். அதில் ஒரு வடிவம் விரித்த கை. அதுதான் பஞ்சா. பாரசீகத்தில் பஞ்ச் என்றால் ஐந்து. நம் பஞ்சாங்கத்தில் இருக்கும் பஞ்சமும் அதுவும் ஒரே குடும்பம். ஐந்து விரலும் ஐந்து பேர்: நபிகள், அலி, பாத்திமா, ஹசன், ஹுசைன்.

1832-இல் லண்டனில் கானூன்-இ-இஸ்லாம் என்று ஒரு நூல் வந்தது. ஏலூரைச் சேர்ந்த ஜாஃபர் ஷரீஃப் எழுத, சென்னை ராஜதானியில் டாக்டராக இருந்த ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. தென்னிந்திய முஸ்லிம்களின் வழக்கங்களை உள்ளிருந்து ஒருவர் சொன்ன பதிவு. அதில் மொகரத்துக்கு ரொம்பப் பெரிய பகுதி. படித்தபோது அப்பத்தா சொன்ன எல்லாமே அதில் இருந்தது. மொகரப் பிறை தெரிந்ததும் குழி வெட்டுவது, அதற்கு அலாவா என்று பெயர், ராத்திரியில் அதில் தீ மூட்டுவது, தீயைச் சுற்றி அலி, ஹசன், ஹுசைன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடுவது, நேர்த்திக்கடனுக்காகப் பக்கீர் வேஷம், உடம்பெல்லாம் வர்ணம் பூசிப் புலி வேஷம். இன்றைக்கு நாம் நாட்டுப்புறக் கலை என்று மேடையில் ஆடவிடும் புலியாட்டத்துக்கு மொகரத் தெருவும் ஒரு வீடாக இருந்திருக்கிறது.

இது மதுரைப் பக்கம் எப்படி வந்தது? மதுரைக்கு முஸ்லிம்கள் வந்தது ரொம்ப முன்னால். 14-ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு சுல்தான் ஆட்சியே இருந்தது. இப்ன் பதூதா வந்துபோனது அந்தக் காலத்தில்தான். காஜிமார் தெருப் பள்ளிவாசலும் கோரிப்பாளையம் தர்காவும் அந்தப் பழைய அடுக்கைச் சேர்ந்தவை. ஆனால் அலாவாவும் பஞ்சாவும் அந்த அடுக்கு இல்லை என்பது என் கணிப்பு. 1687-இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பிடம் விழுந்தது. அதன்பின் தக்காணத்துப் படைகள் தெற்கே இறங்கின. ஆற்காட்டு நவாபுகள் வந்தார்கள். 1736-இல் சந்தா சாகிப் திருச்சியைப் பிடித்தபோது நாயக்கர் ஆட்சி முடிந்தது. பிறகு மதுரையை ஆண்ட கான் சாகிப், அதாவது யூசுப் கான். 1764 அக்டோபரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் சமாதி சம்மட்டிபுரத்தில் இன்னும் இருக்கிறது. இந்த எழுபது எண்பது வருஷத்தில் உருது பேசும் குதிரைக்காரர்கள், சிப்பாய்கள், பக்கீர்கள் இந்தச் சமவெளி எங்கும் முகாம் போட்டார்கள், குடியேறினார்கள். அவர்களோடு பஞ்சாவும் வந்திருக்க வேண்டும்.

ஒரு விடியற்காலை

சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பக்கத்தில் முதுவன்திடல் என்று ஒரு கிராமம். ஒரு காலத்தில் அங்கே முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. பிழைப்புக்காக வெவ்வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு அங்கே இருப்பவர்கள் இந்துக்கள், பெரும்பாலும் விவசாயிகள். அவர்கள்தான் பாத்திமா நாச்சியாரைக் காவல் தெய்வமாக வைத்து, தலைமுறை தலைமுறையாக மொகரம் நடத்துகிறார்கள். ஊர் நடுவில் நாச்சியாரின் பள்ளிவாசல் இருக்கிறது. வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். மொகரத்துக்கு ஒரு வாரம் முன்பே விரதம் தொடங்கிவிடும்.

ஒரு மொகரத்துக்கு முந்தின ராத்திரி நான் போனேன். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரோடு. சிலைமான் தாண்டி, கீழடிக்குப் பிரியும் பாதை தாண்டி, திருப்புவனம். எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்த பட்டணத்துக்காரன் என்று நினைப்பார்களோ என்று. யாரும் அப்படி நினைக்கவில்லை. "சாப்ட்டீங்களா தம்பி?" என்பதுதான் முதல் கேள்வி.

விடிவதற்கு முன்னால், இருட்டு கலையாத நேரத்தில் பூக்குழி. சிவந்து கிடந்த கங்குகளின் மேல் ஆண்கள் இறங்கி நடந்தார்கள். அதை மாரியம்மன் கோவில்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்து நடந்ததைப் பார்த்ததில்லை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். தலை மறைய ஈரத் துணியால் முக்காடு. மண்வெட்டியில் நெருப்பை அள்ளி அந்தத் தலைகள் மேல் கொட்டினார்கள். ஈரத்தில் பட்ட கங்கு சுர்ரென்று சத்தம் போட்டுத் தெறித்து விழுந்தது. உட்கார்ந்திருந்த யாரும் அசையவில்லை. இதைப் பூ மெழுகுதல் என்கிறார்கள். நெருப்பு என்று யாரும் சொல்வதில்லை. பூ.

இரண்டு விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்று, நேரம். என் நிரலில் நான் ஒரு ராத்திரி முழுக்கத் தேடிய பிழை நினைவிருக்கிறதா? இஸ்லாமிய நாள் மாலையில் தொடங்குகிறது. பத்தாம் நாளின் விடியலுக்கு முந்தைய இருட்டு என்பது பத்தாம் இரவேதான். ஹெர்க்லாட்ஸ் புத்தகத்தின் அலாவாவும் ராத்திரித் தீதான். இரண்டு, தேதி. சித்திரை, ஆடி, தை என்று சூரிய மாதத்தில் விதைத்து அறுக்கும் ஒரு ஊர், பிறையோடு நகரும் ஒரு நாளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாள்காட்டித் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இஸ்லாமியத் தேதியை நாம் பார்ப்பதே இல்லை. அங்கே பார்க்கிறார்கள். ஆடி இரண்டாம் வெள்ளி என்று வசதியாக ஒரு நாளை நிலைக்க வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

தலையில் பூ வாங்கி எழுந்து வந்த ஒரு வயசான அம்மாவிடம் கேட்டேன்.

"அப்பத்தா, சுடலையா?"

"சுட்டா உக்காருவமா?"

"என்ன வேண்டுதல்?"

"மக வயித்துப் பேரனுக்கு முடியாமக் கெடந்துச்சு. ஆத்தாகிட்ட நேந்துக்கிட்டேன். நல்லாயிருச்சு. வாங்குன கடனக் குடுக்கணும்ல."

கர்பலா பற்றித் தெரியுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் பாய்மாருக்குத் தெரியும் ராசா. எங்களுக்கு ஆத்தாளத் தெரியும்."

ஏன் ஹுசைன் இல்லை, பாத்திமா?

திரும்பி வரும்போது இந்தக் கேள்விதான் ஓடியது. மொகரம் ஹுசைனின் நாள். பாத்திமா இறந்தது 632-இல், தந்தை மறைந்த சில மாதத்தில். அப்போது ஹுசைன் ஆறு வயசுப் பையன். கர்பலா நடந்தபோது தாய் உயிரோடு இல்லை, 48 வருஷம் ஆகிவிட்டது. அப்படியிருக்க இந்த ஊரில் மகனின் நாள் எப்படித் தாயின் திருவிழா ஆனது?

பஞ்சாவை நினைத்துப் பாருங்கள். ஐந்து விரலில் நான்கு ஆண்கள், ஒரு பெண். அந்த ஒரு விரலை இந்த ஊர் பிடித்துக்கொண்டது. இது முற்றிலும் நம் ஊர்க் கற்பனையும் இல்லை. ஐதராபாத் மொகரத்தின் மிகப் பெரிய ஊர்வலம் பாத்திமாவின் பெயரில்தான். பீபி கா அலம் என்பார்கள். யானை மேல் வரும். அந்தச் சின்னம் இருக்கும் இடத்துக்குப் பெயர் பீபி கா அலாவா. அலாவா என்றால் தீக்குழி. தமிழில் சொன்னால் நாச்சியார் பூக்குழி! மகனுக்காக அழும் கூட்டங்களுக்கு பாத்திமாவே வந்து உட்கார்ந்து அழுகிறார் என்ற நம்பிக்கையும் ஷியாக்களிடம் உண்டு. உயிரோடு இல்லாத தாய் பத்தாம் நாளில் வருகிறாள்.

அங்கே பீபி, இங்கே நாச்சியார். பாண்டி நாட்டில் இந்தச் சொல் சும்மா வருவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் நாச்சியார். சிவகங்கை ராணி வேலு நாச்சியார். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கிய பிறகு வண்டியூரில் தங்குவது துலுக்க நாச்சியார் வீட்டில் என்று மதுரை ஜனங்கள் இன்றும் சொல்வார்கள். அந்த வண்டியூரும் இதே கிழக்குப் பக்கம்தான். தெய்வத்துக்கும் அரசிக்கும் துலுக்கப் பெண்ணுக்கும் ஒரே மரியாதைச் சொல் வைத்திருந்த மண்ணில், பாத்திமா நாச்சியார் ஆவதற்கு அனுமதி யாரும் தர வேண்டியிருக்கவில்லை.

கதையும் அந்நியமில்லை. அநியாயமாகக் கொல்லப்பட்டவனும், அவனுக்காக நெருப்போடு நிற்கும் பெண்ணும் மதுரைக்குப் புதுசா? இந்த ஊரே அப்படி ஒருத்தியால் எரிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஊர். ஆற்றங்கரையில் தண்ணீர் இல்லாமல் செத்தவர்களின் கதை, வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் வைகைக்கரைக்காரனுக்குப் புரியாமலும் போகாது.

இது யாருடையது?

இப்போது கஷ்டமான பகுதி. ஒவ்வொரு மொகரத்துக்கும் முதுவன்திடல் படங்கள் செய்தியில் வரும். தஞ்சாவூர் பக்கம் காசவளநாடு புதூரிலும் இப்படியே இந்துக்கள் மொகரம் நடத்துகிறார்கள். அங்கே பஞ்சாவுக்கே அல்லா சாமி என்று பெயர். அந்தப் படமும் வரும். கீழே மத நல்லிணக்கம் என்று தலைப்பு. உடனே இரண்டு பக்கமிருந்தும் ஆள் வருவார்கள். ஒருவர், இது இஸ்லாமே இல்லை என்பார். இன்னொருவர், இந்துவுக்கு எதுக்கு இந்த வேலை என்பார்.

முதல் ஆளின் பேச்சில் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆலிம்கள் இதை ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறார்கள். இறைவன் ஒருவனுக்கே வணக்கம், பாத்திமாவுக்கு நேர்ந்துகொள்வதும் நெருப்பில் இறங்குவதும் அதற்கு எதிரானது. 20-ஆம் நூற்றாண்டில் இந்தச் சீர்திருத்தக் குரல் வலுத்தபோது, பஞ்சாவும் புலி வேஷமும் முஸ்லிம் தெருக்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகின. தன் மதம் எது என்று சொல்லும் உரிமை அந்த மதத்துக்காரருக்கு உண்டு. எங்கள் டீம் தம்பியிடம் போய், நீ இதை ஒத்துக்கொண்டால்தான் நல்ல முஸ்லிம் என்று நான் சொன்னால், அது நல்லிணக்கம் இல்லை, அதிகாரம்.

மென்பொருள் உலகில் ஃபோர்க் என்று ஒன்று உண்டு. ஒரு நிரலின் பிரதியை எடுத்து வேறு சிலர் தங்கள் வழியில் வளர்ப்பார்கள். மூல நிரலை எழுதியவர்கள் ஒரு பகுதியை நீக்கிவிடலாம். பிரதியில் அது ஓடிக்கொண்டே இருக்கும். மூலத்தில் இல்லையே என்று பிரதியைப் பொய் என்று சொல்ல முடியாது. பிரதியைக் காட்டி மூலத்தையும் குறை சொல்ல முடியாது. மொகரத்தில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

நல்லிணக்கம் என்ற தலைப்பிலும் எனக்கு ஒரு சங்கடம். அந்த ஊரில் இருந்த நேரம் முழுக்க அந்தச் சொல்லை ஒருத்தர் வாயிலும் நான் கேட்கவில்லை. நல்லிணக்கம் என்பது தள்ளி நின்று பார்ப்பவர் வைக்கும் பெயர். உள்ளே இருக்கும் சொல் கடன். நேர்த்திக்கடன். பேரன் பிழைத்தான், கடன் அடைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊரை விட்டுப் போனார்கள், அவர்கள் கும்பிட்ட இடத்தை அநாதையாக விட முடியாது. அதுவும் ஒரு கடன்தான். கொள்கைக்காக ஒன்றைத் தூக்கிப் பிடிப்பவன், கொள்கை மாறினால் கீழே போட்டுவிடுவான். கடனென்று நினைப்பவன் பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் சாவான். அந்தத் தீ இத்தனை தலைமுறை அணையாமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

அப்புறம் ஒரு நாள் கேண்டீனில் எங்கள் டீம் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். ஃபோனில் இருந்த படத்தையும் காட்டினேன். ஈரத் துணி, அதன் மேல் சிதறும் கங்கு. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க பாத்திமா நாயகிய இப்படிக் கும்பிடுறது சரின்னு என்னால சொல்ல முடியாதுண்ணே."

"சொல்ல வேணாம்ப்பா."

"ஆனா இவ்வளவு மரியாதையா வச்சிருக்காங்களே." ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். "அந்தப் பேரன் எப்படி இருக்கானாம்?"

நல்லாயிருக்கானாம் என்றேன்.

அதற்கடுத்த மொகரத்துக்கு நான் குழுவில் ஒன்றும் போடவில்லை. சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரம் பார்த்து அவருக்கு மட்டும் ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.